மழைக்கு ஏற்ற டயர் வாங்குவது எப்படி? டர்போ கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலும் அதைச் சுற்றியும் டர்போ இன்ஜின் கார் ஓட்டுபவர்களில், கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் தேய்ந்து முதல் முறையாகத் தாங்களே டயர் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐப்பசி நெருங்கும்போதுதான் நம்மில் பலருக்கு டயர் நினைவுக்கு வருகிறது. கடைக்குப் போனால் ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். அடுத்த கடைக்காரர் அதே பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார். இணையத்தில் தேடினால் பனிப்பிரதேசத்து டயர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. நான் கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை, நீங்கள் அலையாமல் முடிக்கும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 205/55 ஆர்16 என்ற அளவை வைத்துக்கொள்கிறேன். விர்டஸ், ஸ்லாவியா போன்ற செடான்களில் வருவது இதுதான். உங்கள் கார் வேறு அளவாக இருந்தாலும் படிகள் மாறாது.

1. மாற்ற வேண்டுமா என்று முதலில் அளந்து பாருங்கள்

டயரின் நீளவாக்குப் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ தெரியும் இடத்துக்கு நேரே பார்த்தால் கண்ணில் படும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. புது டயரில் இந்த ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்.

சட்டத்துக்கு 1.6 போதும். மழைக்குப் போதாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், 205 மில்லிமீட்டர் அகல டயர் ஒன்று தன் வழியில் நொடிக்குச் சுமார் 14 லிட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். ஒரு சக்கரத்துக்கு நொடிக்கு ஒரு குடம். இந்தத் தண்ணீர் வெளியேறும் வழி பட்டன்களுக்கு, அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகளுக்கு, இடையே உள்ள பள்ளம்தான். அது ஆழம் குறைந்தால் தண்ணீர் டயருக்கு அடியிலேயே தங்கி, டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். பிரேக் மிதித்தாலும் பிடிக்க அடியில் சாலை இருக்காது.

ஆகவே மழைக்காலத்துக்கு முன் அளக்கும்போது 3 மில்லிமீட்டரை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் கருவி இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நடுப் பள்ளத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவைத்து, முன் டயரின் உள்விளிம்பையும் அளக்க வேண்டும். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்ட காரில் வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே உள்பக்கம் மொட்டையாகிவிடும். நின்றுகொண்டு பார்த்தால் அது தெரியாது.

வயதும் முக்கியம். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்புத் தேதி. 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இந்த நான்கு எண்கள் இருக்கும். அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் காருக்கு அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகுகிறது. இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் ஒப்பேற்றும். ஈரச் சாலையில் வழுக்கும். அதிகம் ஓடாமல் ஷெட்டில் நின்ற காரின் ஆறு வயது டயரில் பட்டன் நிறைய இருக்கலாம். இருந்தாலும் மழைக்கு அதை நான் நம்ப மாட்டேன்.

2. அளவைக் காரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். சரியான டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு சொல்வது, பழைய கார் வாங்கியவர்களுக்கு ஆபத்து. முந்தைய உரிமையாளர் என்ன மாற்றினாரோ யார் கண்டது?

205/55 ஆர்16 91வி என்பதை இப்படிப் படியுங்கள். அகலம் 205 மில்லிமீட்டர். பக்கவாட்டுச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம். ரிம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு, 615 கிலோ. வி என்பது 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கான எழுத்து. எச் என்றால் 210, டபிள்யூ என்றால் 270. ஸ்டிக்கரில் உள்ள எடைக் குறியீட்டுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்காதீர்கள். மேலே போகலாம்.

இனி அகல டயர் ஆசை. டர்போ போன்ற வேகக் கார் வைத்திருப்பவர்களுக்கு வரும் முதல் சபலம் இது. காய்ந்த சாலையில் அகலம் உதவும். தேங்கிய தண்ணீரில் நேர்மாறு. அகலம் கூடக்கூட விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால் டயர் தண்ணீரை அழுத்திக் கீழே இறங்குவதும் கடினமாகிறது. 205லிருந்து 225க்குப் போனால் மழையில் பிடிப்பு கூடும் என்று சொல்லும் கடைக்காரரிடம் விவாதம் செய்ய வேண்டாம். சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பெரிய ரிம்மும் மழைக்கு ஆகாது, இதற்குக் காரணம் வேறு. 205/55 ஆர்16 டயரின் பக்கச் சுவர் சுமார் 113 மில்லிமீட்டர். 17 அங்குல ரிம்முக்கு மாறி 215/45 போட்டால் 97 மில்லிமீட்டர் ஆகிவிடும். மொத்த விட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை, 632லிருந்து 625. ஆனால் மழைநாளில் வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது, அந்த 16 மில்லிமீட்டர்தான் டயருக்கும் ரிம்முக்கும் காப்பு. பக்கச் சுவரில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைப்பு வந்துவிட்டால் அந்த டயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான்.

3. மழைப் பிடிப்பை எங்கே படிப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். விளம்பரத்தில் எல்லா டயரும் மழையில் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியது அளந்து சொன்ன தகவல்.

முதலில் ஐரோப்பிய லேபிள். 2021 மே மாதம் முதல் அங்கே விற்கும் டயர்களில் புது லேபிள் ஒட்டுகிறார்கள். ஒரு பெட்ரோல் பங்க் படம், அது எரிபொருள் சிக்கனம். ஒரு மேகமும் மழையும், அது ஈரப்பிடிப்பு. இரண்டுக்கும் ஏ முதல் ஈ வரை தரம். மூன்றாவது, வெளியே கேட்கும் இரைச்சல். ஈரத் தளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் உங்கள் பானட்டுக்குள் வருமா வராதா என்பதை அந்த மூன்று மீட்டர் முடிவுசெய்யும்.

இந்த லேபிள் விவரங்களை எப்ரெல் என்ற ஐரோப்பிய அரசுத் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். டயரின் பெயரையும் அளவையும் கொடுத்தால் போதும். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, தரம் அளவுக்கு அளவு மாறும். 18 அங்குலத்தில் ஏ வாங்கிய டயர் 16 அங்குலத்தில் பி ஆக இருக்கலாம். உங்கள் அளவையே தேடுங்கள். இரண்டு, நம் சந்தைக்கென்று இங்கேயோ பிற ஆசிய நாடுகளிலோ தயாராகும் டயர், ஐரோப்பாவில் விற்கும் டயரின் பெயருக்கு நெருக்கமான பெயரில் வரலாம். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்து, ஓர் எண்கூட வேறு டயரைக் குறிக்கும். பெயர் முழுதாகப் பொருந்தினால் மட்டும் அந்தத் தரத்தை நம்புங்கள்.

அடுத்து, டயரிலேயே இருக்கும் குறி. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதையொட்டிய நீண்ட எண்ணின் முடிவில் எஸ், டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள் தெரிந்தால், இரைச்சல், ஈரப்பிடிப்பு, உருளும் தடை (டயர் உருளும்போது வீணாகும் சக்தி) ஆகிய மூன்றிலும் சர்வதேச விதியின் குறைந்தபட்ச அளவை அந்த டயர் எட்டியிருக்கிறது என்று பொருள். நம் நாட்டின் ஏஐஎஸ்-142 விதியும் இதே மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைக்கிறது. இவையெல்லாம் தேர்ச்சி பெற்றதற்கான அடையாளங்கள். வகுப்பில் முதல் யார் என்று சொல்லாது.

மூன்றாவது, நட்சத்திர ஸ்டிக்கர். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் பார்க்கிற அதே எரிசக்தித் திறன் செயலகம் டயருக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது. அது எரிபொருள் சிக்கனத்துக்கான நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் என்பதால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டயர் தயாரிப்பில் எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு, நீண்ட ஆயுள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பவை. சிலிக்கா கலந்த ரப்பர் வந்த பிறகு இந்த இழுபறி குறைந்திருக்கிறது, முழுதாகத் தீரவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று கடையில் பெருமையாகச் சொன்னால், அந்த ஆயுளுக்கு எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நான்காவது, அமெரிக்கக் குறியீடு. பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று, தேய்மானத்தைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஓர் எண்ணும், டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி ஆகியவற்றில் ஒன்றும் இருக்கும். டிராக்‌ஷன் என்பது ஈரத் தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் திறன். வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்று அது சொல்லாது. இரண்டு டயர்களுக்கு இடையே திணறும்போது ஏஏ உள்ளதைத் தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான். டிரெட்வேர் எண்ணில் வேறொரு எச்சரிக்கை இருக்கிறது: 200 அல்லது அதற்கும் கீழே இருந்தால் பெரும்பாலும் அது பந்தயத் தளத்தை மனதில் வைத்துச் செய்த டயர். பள்ளங்கள் குறைவு, ரப்பர் மென்மை. இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் வெயில்நாளில் ஓட்ட அருமையாக இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு கார்த்திகை மாதம் வீட்டுக்குத் திரும்புவது தேவையில்லாத சாகசம்.

கடைசியாகப் பட்டன் அமைப்பு. அம்பு முனைபோல் ஒரே திசையில் ஓடும் பள்ளங்கள் தண்ணீரை இரு பக்கமும் வேகமாகத் தள்ளும். உள்பக்கம் ஒரு மாதிரி, வெளிப்பக்கம் வேறு மாதிரி இருக்கும் டயரில், உள்பாதி தண்ணீரை வெளியேற்றும், வெளிப்பாதி வளைவில் பிடிக்கும். இரண்டும் நல்லவையே. என்னிடம் கேட்டால் நீளவாக்கில் நான்கு அகலமான பள்ளங்கள் இருக்கிறதா என்று பார்ப்பேன். படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன்.

எம் பிளஸ் எஸ் என்ற குறியைப் பார்த்து எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று வாங்க வேண்டாம். அது சேற்றுக்கும் பனிக்குமான குறி. நம் மழை 25 டிகிரி வெப்பத்தில் பெய்கிறது. அதற்கு ஐரோப்பியர் கோடைக்கால டயர் என்று அழைக்கும் வகைதான் பொருத்தம்.

4. ஸ்போர்ட்ஸ் வகையா, டூரிங் வகையா

கடைகளில் கிடைப்பவற்றை இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். மிச்செலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், யோகோஹாமா அட்வான் போன்ற குடும்பங்கள் ஸ்போர்ட்ஸ் பக்கம். மிச்செலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்ஸா, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், யோகோஹாமா புளூஎர்த்-ஜிடி போன்றவை டூரிங் பக்கம்.

வேகக் கார் என்றால் ஸ்போர்ட்ஸ் டயர்தான் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பைபாஸில் அலுவலகம் போய்வந்து, மாதம் ஒருமுறை பெங்களூரு, வருடத்துக்கு ஓரிரு முறை ஏற்காடு என்று ஓடும் காருக்கு, ஈரப்பிடிப்பில் ஏ அல்லது பி வாங்கிய டூரிங் டயர் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. சத்தம் குறைவு, பக்கச் சுவர் நம் பள்ளங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. ஸ்போர்ட்ஸ் டயரின் தனிச்சிறப்பு ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் சொல்வதும், வளைவில் அழுத்தமாக நிற்பதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ரசித்து ஓட்டுகிறவர் தாராளமாக அந்தப் பணத்தைச் செலவிடலாம். ஆனால் பாதி தேய்ந்த ஸ்போர்ட்ஸ் டயரைவிடப் புது டூரிங் டயர் தேங்கிய தண்ணீரில் பாதுகாப்பானது. ஸ்போர்ட்ஸ் டயர் சீக்கிரம் தேயும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. செலவு

205/55 ஆர்16 அளவில் நான் விசாரித்த கடைகளில் உள்நாட்டு நிறுவனங்களின் டயர் ஒன்று தோராயமாக 6,000 முதல் 8,000 ரூபாய். வெளிநாட்டுப் பெயர்களின் டூரிங் வகை 8,000 முதல் 11,000. ஸ்போர்ட்ஸ் வகை அதற்கும் மேலே. கடைக்குக் கடை டயருக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வேறுபடுவது சாதாரணம். புது டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டிப் பேசும் கடையில் இதை நினைவுபடுத்துங்கள்.

டயர் விலையோடு முடிவதில்லை. புது வால்வு, மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், நைட்ரஜன் என்று நான்கு சக்கரத்துக்குமாகச் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் வரை போகும். தொலைபேசியில் விலை கேட்கும்போதே, எல்லாம் சேர்த்து வெளியே போகும் விலை என்ன என்று கேட்டுவிடுங்கள். பழைய டயருக்குத் தரும் எக்ஸ்சேஞ்ச் தொகையையும் அதிலேயே பேசுங்கள். பேசாவிட்டால் அது கடையிலேயே தங்கிவிடும். நைட்ரஜனுக்குத் தனியாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பணம் குறைவாக இருந்தால் எதை விடுவது? பெரிய நிறுவனத்தின் பெயரை விடுங்கள். அலைன்மென்ட்டை விடாதீர்கள்.

6. எப்போது வாங்குவது

ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் இரண்டாம் பாதியில் தொடங்கும். முதல் பெருமழைக்கு மறுநாள் டயர்க் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அப்போது உங்களுக்கு வேண்டிய டயர் இருக்காது, அவர்களிடம் இருப்பது உங்களுக்கு வேண்டியதாகிவிடும்.

முன்கூட்டியே வாங்க இன்னொரு காரணம், புது டயரின் மேற்பரப்பு. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பொருளின் மிச்சம் அதில் இருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் உண்மையான பிடிப்பு வரும். அதுவரை நிதானமாக, காய்ந்த சாலையில் ஓட்டுவது நல்லது. புது டயர் போட்டாயிற்று என்ற தெம்பில் அன்றே கொட்டும் மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் டயர்களுக்கு 2020 ஜூன் முதல் இறக்குமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் சில ஸ்போர்ட்ஸ் டயர்கள் குறிப்பிட்ட அளவில் மாதக்கணக்கில் கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்ட ஒன்றின்மேல் கண் இருந்தால் ஜூலையிலேயே சொல்லிவையுங்கள்.

7. கடையில் நின்று பார்க்க வேண்டியவை

மாட்டுவதற்கு முன், நான்கு டயரையும் தரையில் உருட்டி நிறுத்தச் சொல்லுங்கள். காப்பி வருகிறது, உள்ளே உட்காருங்கள் என்பார்கள். உட்காராதீர்கள்.

தயாரிப்பு வாரத்தை நான்கிலும் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நன்று; இறக்குமதி டயராக இருந்தால் ஒரு வருடம் வரை ஏற்கலாம். நான்கில் மூன்று புதியதாகவும் ஒன்று இரண்டு வருடம் பழையதாகவும் இருப்பது அபூர்வம் அல்ல. எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் எடுத்துவைத்தார்கள், கேட்டதும் பேசாமல் மாற்றித் தந்தார்கள். கேட்காமல் இருந்தால் அது என் காரில் ஏறியிருக்கும். தள்ளுபடி விலை என்று சொன்னாலே முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் டயருக்கு அது கட்டாயம். ஐஎஸ் 15633 என்ற எண் அதோடு இருக்கும். முத்திரை இல்லாத டயர் சட்டபூர்வமான வழியில் கடைக்கு வந்ததா என்பதே சந்தேகம்.

மாட்டிய பிறகு அம்புக்குறியைப் பாருங்கள். ஒரே திசைப் பட்டன் உள்ள டயரில் ரொட்டேஷன் என்ற சொல்லோடு அம்பு இருக்கும். கார் முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக நடுவுக்கு இழுக்கும். உள்-வெளி வேறுபாடு உள்ள டயரில் அவுட்சைடு என்ற சொல் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்சைடு என்று வெளியே தெரிந்தால் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் இரண்டும் நடக்கும். எந்த மெக்கானிக்கும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

8. இரண்டு மட்டும் வாங்குவதானால், பின்னால்

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சிறந்தது. முடியாவிட்டால் இரண்டு. ஒரே அச்சில், அதாவது முன்பக்க இரண்டிலோ பின்பக்க இரண்டிலோ, வேறு வேறு டயர் கூடாது. இது பேச்சுக்கே இடமில்லாத விதி.

இரண்டு புது டயரை எங்கே போடுவது என்பதில்தான் கடையில் வாக்குவாதம் வரும். "முன்சக்கரம்தானே சார் இழுக்கிறது, புதியதை முன்னால் போட்டுவிடுவோம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டயர் நிறுவனங்கள் ஒருமுகமாகச் சொல்வது, புதியவை பின்னால். காரணம் எளிது. முன் டயர் தண்ணீரில் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகி உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின் டயர் மிதந்தால் முன்னறிவிப்பே கிடையாது. வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வீசிச் சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிக்கும் திறமை பழகிய பந்தய ஓட்டுநருக்கு இருக்கும், குடும்பத்தோடு திண்டிவனம் போய்க்கொண்டிருக்கும் நமக்கு இருக்காது. பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் மாற்றும் கூலி சில நூறு ரூபாய். கொடுத்துவிடுங்கள்.

9. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஜிஎஸ்டி எண் உள்ள பில். அதில் உங்கள் கார் எண், அன்றைய கிலோமீட்டர், டயரின் முழுப் பெயர், அளவு, நான்கு டயரின் வரிசை எண்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். டயர் நான்கு என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பிற்பாடு வாரண்டி கேட்கும்போது அந்த பில் எதற்கும் ஆகாது. பில் இல்லாவிட்டால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்ற பேரத்துக்கும் இதே பதில்.

வாரண்டி இரண்டு வகை. தயாரிப்புக் குறைக்கான வாரண்டி எல்லா நிறுவனங்களிலும் உண்டு. வருடக்கணக்கில் நீளும், ஆனால் தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் ஈடு தருவார்கள். பள்ளத்தில் விழுந்து புடைப்பதற்கும் வெட்டுப்படுவதற்கும் அது செல்லாது. அதற்கு ஈடு தரும் சிறப்பு வாரண்டியைச் சில நிறுவனங்கள், சில ரகங்களுக்கு மட்டும், குறுகிய காலத்துக்குத் தருகின்றன. பெரும்பாலும் வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால்தான் அது உயிர்பெறும். கடையிலிருந்து கிளம்பும் முன் அவர்கள் எதிரிலேயே பதிவு செய்து, வந்த குறுஞ்செய்தியைச் சேமித்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் செய்கிறேன் சார் என்றால் அது நடக்காது.

இன்சூரன்ஸையும் பாருங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. காரும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான், அதுவும் டயர் விலையில் பாதிதான். டயருக்கென்று தனியாகச் சேர்க்கும் கூடுதல் காப்பு உண்டு. குறைந்த பக்கச் சுவர் டயர் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் நேரத்தில் அதன் விலையைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரிம் அளவையே மாற்றியிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வைத்திருங்கள்.

10. மாட்டிய பிறகு

காற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. மழையில் பிடிப்பு கூடும் என்று காற்றைக் குறைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது மணலுக்குச் சரி, தண்ணீருக்குத் தவறு. மொட்டை டயர் ஆழமான தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம்: 33 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்கு 95 கிலோமீட்டர் வாக்கில், 25 பிஎஸ்ஐ ஆகக் குறைந்தால் 83 வாக்கில். பட்டன் நிறைய இருந்தால் இந்த எண்கள் கூடும், காற்று குறைந்தால் எப்போதும் குறையும்.

எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள். ஒரே திசை டயரை அதே பக்கத்தில்தான் முன்பின் மாற்ற முடியும். இடவலமாக மாற்ற ரிம்மிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும்.

மழைநாளில் பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். உள்பக்கச் சுவரையும்தான். புடைப்பு முதலில் கைக்குத்தான் தெரியும்.

பிறகு ஸ்டெப்னி. பல கார்களில் அது மற்ற நான்கைவிடக் குறுகியது. பக்கவாட்டில் 80 கிலோமீட்டர் வேக வரம்பு எழுதியிருக்கும். நான்கு புது டயர் வாங்கும் அன்று அதன் தயாரிப்பு வாரத்தையும் படித்து, காற்றும் அடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்கான அழுத்தம் ஸ்டிக்கரில் தனியாக இருக்கும்.